தொடக்கப் பள்ளி வகுப்பில் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுத்து வருகிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் வகுப்பு வாசலில் நின்று கேட்கப்படும் கேள்விகளும், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் இடைவேளையில் கேட்கும் கேள்விகளும் வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்ன விஷயங்களைத் திரும்ப விளக்கவில்லை.

வாரத் திட்டம், வாரத் திட்டம் என்கிறீர்களே, அது டைம்டேபிள்தானே?

இல்லை. எந்த மணிக்கு எந்தப் பாடம் என்பதோடு டைம்டேபிளின் வேலை முடிந்துவிடும். இந்த ஐந்து நாள் முடியும்போது பிள்ளைகளுக்கு எது கைவர வேண்டும், அதற்காகத் திங்களன்று எதைத் தொடுவது, புதனன்று எதைத் திரும்ப எடுப்பது, வெள்ளியன்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் வாரத் திட்டத்தில்தான் வரும்.

என் திட்டம் ஒரே ஒரு பக்கம். அதன் தலையில் ஒரு வரி எழுதுவேன்: வெள்ளிக்கிழமை பிள்ளை யார் உதவியும் இல்லாமல் எதைச் செய்யும்? அந்த வரி சரியாக வராமல் மீதியை எழுத மாட்டேன். "அளவைகளைப் பற்றி அறிதல்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. "ஒரு பொருளை ஸ்கேலில் எந்த எண்ணிலிருந்து வைத்தாலும் அதன் நீளத்தைச் சரியாகச் சொல்லும்" என்று எழுதினால் முடியும்.

ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று முடித்துவிட்டுப் போனால் வேகமாகப் போகலாமே? ஏன் ஒரே விஷயத்தை வாரம் முழுக்க இழுக்கிறீர்கள்?

முடித்துவிட்டுப் போகலாம், ஆனால் பிள்ளைகளிடம் அது தங்காது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில்தான் மிக வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. ஒரே மூச்சில் பல தடவை படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த தடவையிலேயே மனதில் நிற்கிறது என்பதையும் அவர் அப்போதே கண்டார்.

அதனால் ஒரு விஷயத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருந்தால், அதை ஒரே நாளில் கொட்டிவிட மாட்டேன். திங்களன்று அரை மணி, மற்ற நாட்களில் கால் மணி என்று பிரித்துவிடுவேன். கொஞ்சம் மறந்திருக்கும்போது திரும்ப எடுக்க வேண்டும். பிள்ளை நெற்றியைச் சுருக்கி, "நேத்து என்னமோ சொன்னீங்களே..." என்று தேடுகிற அந்த நேரம்தான் எனக்கு வேண்டும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

நீளம் அளக்கும் வாரத்தையே எடுத்துக்கொள்வோம். திங்களன்று ஸ்கேலை வெளியே எடுக்கவே மாட்டேன். மேசையின் நீளம் எத்தனை சாண் என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன், பிறகு அளக்கச் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு 9 சாண், இன்னொன்றுக்கு 8, எனக்கு 6. "டீச்சர், அவன் விரலை நல்லா விரிக்கலை" என்று சண்டை வரும். வரட்டும். அன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதே நாள் அறிவியல் நேரத்தில் ஈரப் பஞ்சில் பயறு விதை போட்டு வைப்போம். செவ்வாயன்று எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிய காகிதத் துண்டு ஒன்று கொடுப்பேன். இப்போது எல்லாருக்கும் ஒரே விடை வருகிறது. சாணில் ஏன் வரவில்லை, துண்டில் ஏன் வருகிறது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஸ்கேல் கைக்கு வரும். துண்டுகளை இடைவெளி விட்டு வைத்தவர்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்தவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள்வேன்.

புதன்தான் வாரத்தின் முதுகெலும்பு. முன்பகுதி உடைந்துபோன ஸ்கேல் ஒன்று என்னிடம் உண்டு, 3இலிருந்துதான் தொடங்கும். அதன்மேல் ஒரு பென்சிலை வைப்பேன், நுனி 9இல் நிற்கும். பென்சில் எவ்வளவு நீளம்? பாதி வகுப்பு "9" என்று கத்தும். சிலர் 3, 4, 5 என்று கோடுகளை விரல் வைத்து எண்ணி "7" என்பார்கள். இரண்டு மூன்று பேர் மெதுவாக "6" என்பார்கள். மூன்று விடைகளையும் போர்டில் எழுதிவிட்டு, எது சரி என்று சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசி முடிவு செய்யச் சொல்வேன். எண்ண வேண்டியது கோடுகளையா, கோடுகளுக்கு நடுவில் உள்ள இடத்தையா என்ற கேள்வி அப்போதுதான் எழும். அதே நாளில் விதையிலிருந்து முளை எட்டிப் பார்க்கும். அது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. சின்னக் கோடுகள் எதற்கு என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அன்றைக்குத் தாங்களே கேட்பார்கள்.

வியாழன் மொழிப் பாடத்தில், எப்படி அளப்பது என்று ஐந்து வரி எழுதச் சொல்வேன். எழுதியதைத் தோழியிடம் கொடுக்க வேண்டும், அவள் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்வாள். "ஸ்கேலை வை" என்று எழுதினால் அவள் ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். எழுதியவர் ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்துத் திருத்துவார். வெள்ளியன்று ஒவ்வொருவரும் தனியாக: முளையை அளப்பது, உடைந்த ஸ்கேலில் 5 செ.மீ. கோடு ஒன்று வரைவது, திங்களன்று நடந்த சாண் சண்டைக்கு இரண்டு வரியில் தீர்ப்பு எழுதுவது.

பிள்ளையிடம் "ஸ்கூல்ல என்ன பண்ணினே?" என்று கேட்டால் "விளையாடினோம்" என்றுதான் சொல்கிறான். பாடம் நடக்கிறதா இல்லையா?

நடக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கையை அசைத்துச் செய்கிற எதுவும் விளையாட்டுத்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "எதை வைத்து விளையாடினீர்கள்? யார் சொன்னது சரியாக வந்தது? ஏன்?" பெரும்பாலும் அந்த "ஏன்" வந்ததும் பாடம் வெளியே வந்துவிடும்.

அதே சமயம் உங்கள் சந்தேகம் நியாயமானது. செய்யும் எல்லாச் செயலிலும் கற்றல் இருப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அட்டையில் ஸ்கேல் செய்யச் சொல்லி ஒரு முழு மணி நேரம் கொடுத்தேன். பிள்ளைகள் அந்த மணி நேரம் முழுவதும் வண்ணம் தீட்டினார்கள். கோடுகளுக்கு நடுவே சம இடைவெளி விட வேண்டும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை, யோசிக்க வைக்கும்படி நானும் எதுவும் செய்யவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பக்கத்தில் "இதைச் செய்யும்போது பிள்ளை எதைப் பற்றி யோசிக்கும்?" என்று எழுதிப் பார்க்கிறேன். "பசை, கத்தரி, வண்ணம்" என்று விடை வந்தால் அதை ஓவிய நேரத்துக்கு மாற்றிவிடுவேன்.

ஒரு செயல்பாடு எவ்வளவு நேரம் ஓடலாம்?

மூன்றாம் வகுப்பில் ஒரே மாதிரி வேலைக்கு 15 முதல் 20 நிமிடம், ஒன்றாம் வகுப்பில் அதைவிடக் குறைவு. விஷயம் அதேயாக இருக்கலாம், செய்யும் விதம் மாற வேண்டும்: கேட்டது போதும், இப்போது அளக்கட்டும், அப்புறம் எழுதட்டும். மும்முரமாக மூழ்கி இருக்கிறார்கள் என்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

வாசிப்புக்குத் தினமும் நேரம் உண்டா? என் மகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்.

தினமும் உண்டு, எந்தக் காரணத்துக்காகவும் அதை விடுவதில்லை. வாரம் முழுக்க ஒரே பத்தியைப் படிப்போம், ஏழெட்டு வரிதான். திங்களன்று நான் படிப்பேன், பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர்வார்கள். செவ்வாயன்று சேர்ந்து படிப்போம், புதனன்று இருவர் இருவராக. வெள்ளியன்று எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகூட அந்தப் பத்தியைத் தடையில்லாமல் படித்துவிடும். "மனப்பாடம் ஆகிவிட்டது, அதனால்தான் படிக்கிறாள்" என்று சில பெற்றோர் கவலைப்படுவார்கள். அதே சொற்களை வேறு வாக்கியத்தில் போட்டுக் கொடுங்கள், படிக்கிறாளா என்று தெரிந்துவிடும்.

எழுத்துக்கூட்டும்போது எங்கே நிற்கிறாள் என்று கவனியுங்கள். தமிழில் பல பிள்ளைகள் நிற்குமிடம் கொ, கோ, கௌ வரிசை. "கொடி" என்ற சொல்லில் முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை "கெ" என்று தொடங்கி, துணைக்காலைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து என்று கண்ணுக்குப் பழக வேண்டும். 247 எழுத்தையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பதால் இது சரியாகாது. கொடி, கெடி, காடி என்று மூன்று அட்டை வைத்து, நான் சொல்வதைத் தொடு என்று ஐந்து நிமிடம் செய்தால் பலன் தெரியும். சொல்லுக்குப் பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே கண்ணுக்குத்தான் பயிற்சி.

அப்புறம், தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று நீங்கள் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அவளால் படிக்க முடிந்ததைவிடப் பெரிய கதை அவளுக்குப் புரியும்.

குழு வேலை என்கிறீர்கள், கடைசியில் என் பெண் ஒருத்திதான் எல்லாவற்றையும் செய்கிறாள்.

குழுவை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும், குற்றம் பிள்ளைகளுடையது இல்லை. நான் மூன்று காரியம் செய்கிறேன். குழுவில் மூன்று பேருக்கு மேல் வைப்பதில்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் அளவைப் படிக்க, ஒருவர் எழுத, ஒவ்வொரு பொருளுக்கும் வேலை மாறிக்கொண்டே இருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் விடையைத் தனியாக நோட்டில் எழுதியிருக்க வேண்டும். கடைசியில் விடை சொல்பவரை நான் தேர்ந்தெடுப்பேன், யாரைக் கேட்பேன் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

நோட்டைப் பார்த்தால் தவறு அப்படியே இருக்கிறது. டீச்சர் திருத்தவே இல்லையே?

புதன்கிழமை நோட்டைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த ஸ்கேலில் 9 என்று எழுதிய பிள்ளைக்கு நான் 9ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினால், பிள்ளை 6ஐப் பார்த்து எழுதிக்கொள்ளும். 9 ஏன் வந்தது என்பது அதன் தலைக்குள் அப்படியே இருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். புள்ளி வைத்த இடத்தை மறுநாள் காலை முதல் பத்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

எழுத்துப் பிழையிலும் இப்படித்தான். இந்த வாரம் ர, ற மட்டும் பார்க்கிறோம் என்றால் அந்தப் பிழைகளைத்தான் குறிப்பேன். ஐந்து வரியில் பதினைந்து சிவப்புக் கோடு வாங்கிய பிள்ளை அடுத்த முறை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறது, அதுவும் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து. ஆனால் வாரத்தின் முக்கியமான தவறு வெள்ளி வரை திருத்தப்படாமல் இருந்தால் அது என் பொறுப்பு. தயங்காமல் வந்து கேளுங்கள்.

இந்த வயதில் வாராவாரம் டெஸ்ட் எதற்கு? பயப்படுகிறானே.

வெள்ளிக்கிழமை நடப்பதற்கு மார்க் கிடையாது, வரிசை எண் கிடையாது. அதைத் தேர்வு என்று சொல்வதைக்கூட நான் விட்டுவிட்டேன். ஆனால் நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது மட்டும் கட்டாயம் வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

இதைத்தான் வகுப்பிலும் பார்க்கிறேன். பயம் வருவது கேள்வியால் இல்லை, அதன் பின்னால் வரும் ஒப்பீட்டால். வீட்டில் "எத்தனை சரி? பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" என்று கேட்காதீர்கள், "எது ஞாபகம் வரவே இல்லை?" என்று கேளுங்கள்.

நேற்று டக்டக்கென்று சொன்னாள், இன்று கேட்டால் முழிக்கிறாள். கவனம் இல்லையா?

இரண்டாவது கேள்வியில் சொன்ன எபிங்ஹாஸ் மறதிதான் இது, உங்கள் மகளுக்கு மட்டும் வருவதில்லை. நேற்றுச் சொன்னது அப்போதுதான் கேட்டதை. இன்று சிரமப்பட்டு எடுத்தால் அடுத்த முறை சிரமம் குறையும். விடையை உடனே சொல்லிவிடாமல் ஒரு சின்ன நூல் கொடுங்கள்: "மேசையை எதால் அளந்தீர்கள்?" அந்த ஒரு கேள்வியே பல நேரம் போதும்.

வீட்டுப்பாடம் ஏன் இவ்வளவு குறைவு?

தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் படிப்பில் வரும் முன்னேற்றத்துக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது, மேல் வகுப்புகளில்தான் அது கூடுகிறது என்று ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். வகுப்புக்கு 10 நிமிடம் என்ற கணக்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது, மூன்றாம் வகுப்பென்றால் மொத்தம் அரை மணி. நான் அதற்கும் குறைவாகவே கொடுக்கிறேன். அளவை வாரத்தில் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: வீட்டில் மூன்று பொருளை முதலில் ஊகித்து எழுது, பிறகு அள. ஊகித்ததை அழித்துத் திருத்த விடாதீர்கள். ஊகம் திங்களைவிட வியாழனில் நெருங்கி வந்திருக்கிறதா என்று நான் பார்ப்பது அந்தத் தப்பான எண்களில்தான்.

ஒரு நாள் லீவு போட்டால் வாரமே போச்சா?

போகாது. ஒவ்வொரு விஷயமும் வாரத்தில் குறைந்தது மூன்று தடவை வருகிறது. புதன் மட்டும் தவறினால் சொல்லுங்கள், உடைந்த ஸ்கேலை மறுநாள் அந்தப் பிள்ளைக்கு அதன் பக்கத்துப் பிள்ளையே நடத்திக் காட்டும். விட்டுப்போன நோட்டை முழுக்கப் பார்த்து எழுத வைக்க வேண்டாம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நாலாம் வகுப்புப் பாடம் கொடுக்கலாமா?

நான் கொடுப்பதில்லை. அதே விஷயத்தில் இன்னும் ஆழத்துக்குக் கூட்டிப் போவேன். ஸ்கேலை மட்டும் வைத்து ஒரு பாட்டிலின் சுற்றளவைக் கண்டுபிடி என்று கேட்டால், ஸ்கேல் வளையாதே என்று கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் நூலைத் தேடுவான். அடுத்தது, ஒரே ஒரு தாளின் கனம் எவ்வளவு என்று கேட்பேன். இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஒரு தாளை ஸ்கேலில் வைத்தால் எந்தக் கோட்டுக்கும் எட்டாது. நூறு தாளை அடுக்கி அளக்கலாம் என்று தோன்ற ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். நூறு தாள் சேர்ந்து ஏறக்குறைய 1 செ.மீ. வரும். அப்போ ஒரு தாள்? அந்தக் கேள்வியோடு ஒரு பையன் வாரம் முழுக்கத் திரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள், என் பிள்ளைக்குக் கழித்தலே வரவில்லை. வார வேகத்துக்கு எப்படி ஈடு கொடுப்பான்?

முதலில் என்ன வரவில்லை என்று பார்க்க வேண்டும். 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. "கடன் வாங்கு" என்று நூறு தடவை சொன்னாலும் இது மாறாது, ஏனென்றால் எங்கிருந்து, எதைக் கடன் வாங்குகிறோம் என்று தெரியாது.

பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டு நான்கும், உதிரிக் குச்சி இரண்டும் கொடுப்பேன். 17 குச்சி கொடு என்பேன். ஒரு கட்டைக் கொடுத்துவிடும். இன்னும் 7 வேண்டும், உதிரி இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். நான் பேச மாட்டேன். ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும்போது 12 உதிரி ஆகிறது, 7 போனால் 5, கட்டு இரண்டு மிச்சம், 25. அதைக் கையால் நான்கைந்து நாள் செய்த பிறகு, குச்சியைப் படமாக வரைந்து செய்யட்டும், அப்புறம் எண்ணாக எழுதட்டும். இதற்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன், மற்றவர்கள் தனியாக வாசிக்கும் நேரத்தில். அளக்கும் வாரத்தில் இவனும் எல்லாரோடும் அளக்கிறான். 9லிருந்து 3ஐக் கழிக்க அங்கேயும் வேலை உண்டு.

என் மகன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். இந்தச் செயல்பாடெல்லாம் பேசுகிற பிள்ளைகளுக்குத்தானே?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. அதை மூன்று விநாடி ஆக்கியதும் விடைகள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். படிக்கும்போது மூன்று விநாடிதானே என்று தோன்றும். நாற்பது முகம் முன்னால் நின்று மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள், அவ்வளவு நீளம்.

பேசாத பிள்ளைக்கு நான் திங்கள் செவ்வாயில் எழுதிக் காட்டவும் கையால் செய்து காட்டவும் இடம் கொடுக்கிறேன், புதனன்று ஒரே ஒரு தோழனிடம் பேசினால் போதும். அந்தத் தோழனிடம் சொன்னதையே வியாழனன்று வகுப்புக்குச் சொல்லச் சொல்வேன். ஏற்கனவே ஒரு முறை சொல்லிப் பார்த்த சொற்கள் என்பதால் வாய் கொஞ்சம் சுலபமாகத் திறக்கும்.

நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. புதன்கிழமைக்குள் என் திட்டம் சரிந்துவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

ஐந்து நாளையும் நிரப்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வியாழன் பிற்பகலைக் காலியாக விடுங்கள். முன் நாட்களில் வழிந்ததெல்லாம் அங்கே போகட்டும். வழியவில்லை என்றால் கதை சொல்லலாம், எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் புதியதை விடுங்கள், திரும்ப எடுப்பதை விடாதீர்கள். பெரும்பாலானவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் முதலில் வெட்டுப்படுவது "நேற்றுப் பார்த்ததை நினைவுபடுத்தல்" என்ற பத்து நிமிடம். பாடம் முடிந்திருக்கும், பிள்ளைகளிடம் ஒன்றும் இருக்காது. இன்னொன்று, நீங்கள் எழுதிய திட்டத்தைத் திங்கள் மாலை ஒரு தடவை திருத்துங்கள். அன்று பிள்ளைகள் சொன்ன தவறான விடைகள்தான் செவ்வாய்க்கான உங்கள் குறிப்பு.

நாற்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர், பொருள் எதுவும் கிடையாது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும், ஒரே நேரத்தில் நாற்பது பேரோடும் என்று நினைக்காதவரை. வகுப்பை நான்கு பத்துப் பேராகப் பிரித்து, ஒரு மூலையில் வாசிப்பு, ஒன்றில் எழுத்து, ஒன்றில் அளத்தல், ஒன்றில் நான். கால் மணிக்கு ஒரு முறை மூலை மாறும். மூலை மாறிப் போய் உட்காருவதையே முதல் வாரத்தில் பாடம் போலப் பழக்க வேண்டும், அதற்குச் செலவாகும் நேரம் வருடம் முழுக்கத் திரும்ப வரும். பொருள் என்று பார்த்தால், நான் மேலே சொன்னவை நூல், குச்சி, பழைய காகிதம், உடைந்த ஸ்கேல். நல்ல ஸ்கேலாக இருந்திருந்தால் புதன்கிழமைப் பாடமே கிடையாது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சரியாகச் செய்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் பழையபடி 9 என்கிறார்கள். அப்போ அந்த வாரம் வீணா?

வீண் இல்லை, வாரத்தோடு முடியவில்லை, அவ்வளவுதான். மறந்த ஒன்றைத் திரும்பக் கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் எபிங்ஹாஸ் அளந்து காட்டியதுதான். புதனன்று அரை மணி எடுத்தது, மூன்று வாரம் கழித்து ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு திங்களும் முதல் பத்து நிமிடம் மூன்று கேள்வி கேட்கிறேன்: ஒன்று போன வாரத்தில் இருந்து, ஒன்று போன மாதத்தில் இருந்து, ஒன்று எப்போதோ நடத்தியதிலிருந்து. எது எந்தப் பாடம் என்று சொல்ல மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, பழைய விஷயத்தைப் பெயர் சொல்லாமல் புது வேலைக்குள் வைப்பது. முளைத்த பயறுகளைக் காகித டம்ளரில் மண் போட்டு நட்டு, சிலவற்றை ஜன்னலோரத்திலும் சிலவற்றை மூடிய அலமாரியிலும் வைத்திருந்தோம். அலமாரியில் இருந்தவை வெளிறிப்போய், ஜன்னலோரத்தில் இருந்தவற்றைவிட உயரமாக வளர்ந்திருந்தன. வெளிச்சம் இல்லாத செடி எப்படி உயரமாக இருக்கும் என்று வகுப்பே நம்ப மறுத்தது, அளந்து பார்த்தால்தான் ஆயிற்று என்றார்கள். டம்ளருக்கு வெளியே ஸ்கேலை நிறுத்தினால் மண் மட்டம் 0இல் வராது. ஒரு சிறுமி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மண் மட்டத்தைத் தொட்டு முணுமுணுத்தாள்: "4ல ஆரம்பிக்குது... 17ல முடியுது..." பக்கத்தில் இருந்தவன் 17 என்று எழுதப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, 13 என்று எழுதினாள்.